தண்ணீருக்கடியில் ஆடாத வீடியோ: கேள்வி-பதில்

ஸ்டெபிலைசேஷன் போட்டும், மூச்சு விடுறப்பெல்லாம் படம் மேலும் கீழும் போகுது. எந்த செட்டிங்கை மாத்தணும் சார்? (தண்டையார்பேட்டை)

செட்டிங்கை விடுங்கள், இடுப்பில் கட்டியிருக்கும் ஈயத்தைப் பாருங்கள். கை நடுக்கத்தை கேமரா சரிசெய்துவிடும். ஆளே ஏறி இறங்கினால் அதற்கு ஒன்றும் செய்ய வராது. அரை லிட்டர் மூச்சை இழுத்தால் கடலில் அரை கிலோ மிதப்பு கூடும். பாரம் அதிகமாகக் கட்டியவர் அதைச் சமன்செய்ய பி.சி.டி.யில் (காற்றேற்றி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட்) காற்றும் அதிகம் ஏற்றுவார். ஆழம் மாறும்போதெல்லாம் அந்தக் காற்று விரிந்து சுருங்கி ஆட்டத்தைப் பெரிதாக்கும்.

டைவ் முடிந்து சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பார் இருக்கும்போது, பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதியுங்கள். சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் வாயில் இருக்கட்டும். மேற்பரப்பில் நிமிர்ந்து, பி.சி.டி.யை முழுக்கக் காலிசெய்து, சாதாரண மூச்சோடு அசையாமல் இருங்கள். நீர் கண் மட்டத்தில் நின்று, மூச்சை விட்டதும் தலை மெல்ல மூழ்கினால் பாரம் சரி. மூச்சு உள்ளே இருக்கும்போதே மூழ்கினால், அடுத்த டைவில் ஒரு கிலோ குறையுங்கள். நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் கணக்கு தப்பும்: 11 லிட்டர் சிலிண்டர் 200 பாரிலிருந்து 50-க்கு இறங்குவதற்குள் சுமார் 2 கிலோ காற்று தீர்ந்திருக்கும்.

ஷாட்டுக்காக மூச்சை மட்டும் அடக்காதீர்கள். நிறைந்த நுரையீரலோடு ஓரிரு மீட்டர் மேலே வந்தாலே அது கிழியக்கூடும். கேமராவை முன்கூட்டியே ஓடவிட்டு, நிதானமாக மூச்சுவிட்டபடி 10 நொடியாவது ஒரே ஃபிரேமில் இருங்கள். ஆடாத பகுதியைப் பிறகு வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

காசிமேட்டு வலைக்கடையில விக்கிற மிதவையை கேமரா ட்ரேயில கட்டலாமா? (காசிமேடு)

கட்டலாம், ஆனால் அழுத்தினால் அமுங்காத கெட்டி மிதவையாகப் பாருங்கள். மெத்தென்ற ஃபோம் 18 மீட்டர் ஆழத்தில் சுருங்கி, தூக்குதிறனை இழந்துவிடும்.

எவ்வளவு கட்டுவது என்பதற்கு வீட்டு பக்கெட் போதும். ஹவுசிங் (கேமராவின் நீர்புகா கூடு), ட்ரே (கைப்பிடிகள் பூட்டும் அடித்தட்டு), லைட் எல்லாம் பூட்டிய செட்டை லக்கேஜ் தராசில் மாட்டி முழுக்க நீருக்குள் இறக்குங்கள். 400 கிராம் காட்டுகிறது என்று வையுங்கள். கடல்நீர் கனமானது, செட் விலக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 25 கிராம் கூடுதலாகத் தூக்கும். செட் விலக்குவது 2 லிட்டர் என்றால் கடலில் எடை 350 கிராம்தான். 250 கிராம் தூக்கும் மிதவையைக் கட்டி, 100 கிராம் கனத்தை விட்டுவையுங்கள். முழுக்கச் சமன்செய்த செட் லேசான நீரோட்டத்துக்கே அலையும்.

மிதவை ட்ரேக்கு மேலே இருக்கட்டும். கீழே கட்டினால் செட் கவிழப் பார்க்கும், மணிக்கட்டு அதோடு மல்லுக்கட்டும். இரண்டு கைப்பிடி அவசியம். முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள். செல்ஃபி ஸ்டிக் வேண்டவே வேண்டாம்.

ஷட்டர் எவ்வளவு வைக்கணும்? (வியாசர்பாடி)

நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50 நொடி என்பது பொதுவிதி. ஸ்டெபிலைசேஷன் ஓடும்போது 1/100 வையுங்கள். இல்லாவிட்டால் ஃபிரேம் நிலையாக நிற்கும், அதற்குள் படம் மட்டும் விட்டுவிட்டு மங்கும். வெளிச்சம் குறைந்து ஆட்டோ ஷட்டர் 1/30-க்கு இறங்கும்போது நடப்பதும் இதுதான். எடிட்டிங்கில் படத்தைப் பார்த்து ஆட்டம் நீக்கும் மென்பொருளை நம்பாதீர்கள். மீன்கூட்டத்தையும் மிதக்கும் தூசியையும் தரை என்று எண்ணி அது ஃபிரேமையே வளைத்துவிடும்.

எண்ணூர் பக்கமே இறங்கிப் பழகலாமா? (எர்ணாவூர்)

வேண்டாம். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வண்டல் நிறைந்தது; பக்கத்திலேயே காமராஜர் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்துபோகின்றன. நீச்சல்குளத்தில் பயிற்சியாளரோடு பழகுங்கள். தரைக்கு ஒரு மீட்டர் மேலே மிதந்து, டைல்ஸ் கோட்டை ஃபிரேமின் அடிவிளிம்போடு பொருத்திப் படமெடுங்கள். கேமரா ஒரு டிகிரி சாய்ந்தாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். முழங்காலை மடித்து, தவளைபோல் பக்கவாட்டில் உதைக்கவும் அங்கேயே பழகுங்கள். மேலும் கீழும் உதைத்தால் உடல் உருளும், தரை மண்ணும் கிளம்பும்.

பாதி டைவிலேயே ஹவுசிங் கண்ணாடி பனிபூத்துடுது. (ராயபுரம்)

படகில் வைத்து மூடியிருப்பீர்கள். கடற்காற்றின் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். கேமரா சூடேறும்போது, குளிர்ந்த கண்ணாடியில் அது படியும். புறப்படும் முன்பே ஏசி அறையில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். மூடும்போது, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடிகூட இல்லை என்பதை விரலால் தடவிப் பாருங்கள்.