அசாமியும் தகலாகும் உறவு மொழிகளா? தமிழர் எதை எளிதாகக் கற்கலாம்?

உறவு இல்லை. அசாமி இந்தோ-ஆரியக் குடும்பத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் மொழி. வங்காளமும் ஒடியாவும் அதன் உடன்பிறப்புகள். தகலாகு பிலிப்பைன்ஸில் பேசும் மொழி, ஆஸ்திரோனேசியக் குடும்பம். மலாய், ஜாவா மொழி, மடகாஸ்கரின் மலகாசி, நியூசிலாந்தின் மாவோரி எல்லாம் அதன் சொந்தபந்தம்.

முகம், குரு, ஆசை போன்ற சொற்கள் இரண்டிலும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். தகலாகில் முகத்துக்கு 'முக்ஹா', ஆசிரியருக்கு 'குரோ', எதிர்பார்ப்புக்கு 'ஆசா'. ஆனால் சமஸ்கிருதச் சொற்கள் அசாமிக்குப் பரம்பரைச் சொத்து. தகலாகுக்கோ மலாய், ஜாவா வழியாகக் கப்பல் ஏறி வந்த சரக்கு. 1989-இல் மணிலாவுக்கு அருகே லகூனா பகுதியில் ஒரு செப்பேடு கிடைத்தது. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900 என்று அதிலேயே தேதி இருக்கிறது. பழைய மலாய் மொழியில், சமஸ்கிருதச் சொற்கள் கலந்து, ஒருவருடைய கடன் தீர்ந்ததை எழுதிவைத்த ஆவணம் அது. இதே கடல்வழியில் நம் சொற்களும் போயிருக்கின்றன. தகலாகில் மாம்பழத்துக்கு 'மங்கா' என்று பெயர். நம் மாங்காய்தான், மலாய் வழியாகப் போய்ச் சேர்ந்தது.

கௌகாத்தியில் வேலை பார்த்த காலத்தில் அசாமி என் காதில் ஏறியது. பிறகு சிங்கப்பூரில் பிலிப்பினோ நண்பர்களோடு ஒரே வீட்டில் தங்கியதால் தகலாகும் பழகியது. இரண்டையும் பேசிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மொழிகளை ஒப்பிடக் கடன்சொற்களை வரிசைப்படுத்தாதீர்கள், வினைச்சொல்லைப் பாருங்கள். ஒரு மொழியின் சுபாவம் அங்கேதான் தெரியும்.

தகலாகில் வாக்கியம் பெரும்பாலும் வினையில்தான் தொடங்கும். 'பிலி' என்பது 'வாங்கு' என்பதன் வேர். ஒரு பெண் கடையில் தன் குழந்தைக்காக மீன் வாங்கினாள் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு அந்தப் பெண்ணைப் பற்றியது என்றால் 'புமிலி'. மீனைப் பற்றியது என்றால் 'பினிலி'. கடையைப் பற்றியது என்றால் 'பினில்ஹான்'. குழந்தையைப் பற்றியது என்றால் 'இபினிலி'. கொடுத்த காசைப் பற்றியது என்றால் 'இபினாம்பிலி'. வேர் ஒன்றுதான், முன்னும் பின்னும் நடுவிலும் ஒட்டுகள் ஏறி, இந்த நிகழ்ச்சியில் யாரை அல்லது எதைக் கவனிக்க வேண்டும் என்று வினையே கைகாட்டுகிறது. கைகாட்டப்படும் பெயருக்கு முன்னால் 'ஆங்' என்ற சிறுசொல் வரும். நாம் செய்வினை, செயப்பாட்டுவினை என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். அங்கே இடம், கருவி, பயனாளி எல்லாவற்றுக்கும் தனித்தனி வாசல் திறந்திருக்கிறது. உலக மொழியியலாளர்கள் இந்த ஒழுங்கைப் பற்றி இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த இலக்கண அமைப்புகளில் இவ்வளவு அழகான இன்னொன்று இல்லை.

நான் போனேன், நீ போனாய் என்று நாம் போடும் விகுதி அங்கே கிடையாது. காலமும் நம் கணக்கில் இல்லை. செயல் முடிந்ததா, நடக்கிறதா, இனித் தொடங்க வேண்டியதா என்பதுதான் கணக்கு. புமிலி முடிந்தது, புமிபிலி நடக்கிறது, பிபிலி இனிமேல். வேரின் முதல் அசையை இரட்டித்தே வேலையை முடித்துவிடுகிறார்கள்.

அசாமி வினை வேறு மாதிரி. வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும், நம் வினை போலவே. 'மொய் பாத் காவ்' என்றால் நான் சோறு சாப்பிடுகிறேன். தமிழில் நினைத்ததை அதே வரிசையில் சொல்லிவிடலாம். வினை தன்மை, முன்னிலை, படர்க்கைக்கு ஏற்ப மாறும், ஆனால் ஒருமை பன்மைக்கு மாறாது, ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் மாறாது. எதிர்மறைதான் அதில் அழகு. 'ந்' என்ற ஒலி வினைக்கு முன்னால் வந்து, வினையின் முதல் உயிரைத் தானும் எடுத்துக்கொள்ளும். காய் (சாப்பிடுகிறான்) என்பது நாகாய் ஆகும். கொரே (செய்கிறான்) நொகொரே ஆகும். லிகே (எழுதுகிறான்) நிலிகே ஆகும். ஹுனே (கேட்கிறான்) நுஹுனே ஆகும். பழகிவிட்டால் வாய் தானாகவே அந்த உயிரைத் தேடிப் பிடிக்கும்.

தமிழருக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு மகிழ்ச்சி அசாமியில் இருக்கிறது. உறவுச் சொற்கள் யாருடைய உறவு என்பதைப் பொறுத்து மாறும். 'மோர் மா' என்றால் என் அம்மா. 'தோமார் மாரா' உன் அம்மா. 'தார் மாக்' அவன் அம்மா. அப்பாவுக்கும் இப்படியே: தேவுதா, தேவுதாரா, தேவுதாக். வங்காளத்தில் இப்படி இல்லை. கௌகாத்தியில் ஒரு மூதாட்டி இதை எனக்கு விளக்கியபோது பரவசமாக இருந்தது. சங்கத் தமிழில் எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை, தந்தை அவன் தந்தை. யாய், ஞாய், தாய் என்று அம்மாவுக்கும் மூன்று. நாம் மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம். அசாமியில் இன்றும் சந்தையில், அடுப்படியில் அந்த வகை உயிரோடு இருக்கிறது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், தனித்தனியாக முளைத்தவை.

தகலாகிலும் நமக்கு ஒரு சொந்த வீடு உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'தாயோ', விட்டுச் சொன்னால் 'காமி'. நாம், நாங்கள். இந்திக்காரரும் ஆங்கிலேயரும் இங்கே தடுமாறுவார்கள். தமிழருக்குப் பாடமே தேவையில்லை. அசாமியில் இரண்டுக்கும் 'ஆமி' ஒன்றுதான். மரியாதைக்குப் பன்மை போடும் வழக்கமும் தகலாகில் நம்மைப் போலவே: ஒருவரையே 'காயோ' (நீங்கள்) என்பார்கள், கூடவே 'போ' என்ற சிறுசொல்லையும் சேர்ப்பார்கள். அசாமியில் தொய், துமி, ஆபுனி என மூன்று படிகள், வினையும் சேர்ந்தே மாறும்.

நெல், அரிசி, சோறு என்று மூன்று நிலைக்கும் மூன்று சொல் இரண்டு மொழியிலும் உண்டு: அசாமியில் 'தான்', 'சாவுல்', 'பாத்', தகலாகில் 'பாலாய்', 'பிகாஸ்', 'கானின்'.

ஒலியில் ஒரு வியப்பு. இந்திய மொழி என்றால் ட-வும் த-வும் வேறுவேறாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அசாமியில் எழுத்தில் இரண்டும் உண்டு, உச்சரிப்பில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தகலாகிலும் ஒரே ஒரு த-தான். அசாமியின் அடையாளமான ஒலி, தொண்டையில் காற்று உரசும் ஒரு ஹகரம். பழைய ச, ஷ, ஸ ஒலிகள் பல இடங்களில் அப்படி மாறின. அசாம் என்பதை அவர்கள் 'ஒஹொம்' போலச் சொல்வார்கள். தகலாகில் ங-வில் சொற்கள் தொடங்கும்: பல் 'ஙிபின்', இப்போது 'ஙாயோன்'. அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும்; 'புஹாய்' என்பதில் முதலசையை அழுத்தினால் வாழ்க்கை, கடைசியை அழுத்தினால் உயிரோடு இருப்பது.

இரண்டு மொழிகளும் தங்கள் இடத்துக்காகப் போராடியவை. 1836-இல் ஆங்கிலேயர் அசாமின் பள்ளிகளிலும் நீதிமன்றங்களிலும் வங்காளத்தைக் கொண்டுவந்தார்கள். 1873 வரை அசாமிக்குத் தன் மண்ணிலேயே அந்த இடம் திரும்பக் கிடைக்கவில்லை. அதை இன்றும் வங்காளத்தின் வட்டார வழக்கு என்று சிலர் எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. தகலாகு 1937-இல்தான் பிலிப்பைன்ஸின் தேசிய மொழிக்கு அடிப்படையாக அறிவிக்கப்பட்டது. இப்போதைய பிலிப்பினோ மொழி அதன்மேல் எழுந்தது.

எது எளிது? வாக்கிய வரிசையால் அசாமி. மூன்று மாதம் ஊரோடு பேசினால் கடைத்தெருவில் சமாளிக்கலாம். எழுத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். வங்காள எழுத்தேதான், ரகரமும் வகரமும் மட்டும் வடிவம் மாறும். தகலாகு ரோமன் எழுத்தில் இருப்பதால் முதல் நாளிலேயே வாசிக்கலாம், மேசை, ஜன்னல், கரண்டி எல்லாம் ஸ்பானியச் சொற்களாகவே வரும். ஆனால் வினையின் ஒட்டுகளுக்குப் பொறுமை வேண்டும். பட்டியலாக மனப்பாடம் செய்யாமல், ஒரே வேரை எடுத்து ஐந்து விதமாகச் சொல்லிப் பழகுங்கள். 'பிலி'யிலிருந்தே தொடங்கலாம்.