பண்ணைக்குட்டைக்குப் பேரல் மிதவை: எத்தனை பேரல், எவ்வளவு இடைவெளி?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஏறக்குறைய ஒரு ஏக்கர் பரப்பில் பண்ணைக்குட்டை இருக்கிறது. ஆழம் எட்டு அடி. கெண்டை மீன் வளர்க்கிறோம். தீவனம் போடவும், ஓரங்களில் படரும் ஆகாயத்தாமரையை அகற்றவும் ஒரு மிதவை தேவைப்படுகிறது. கையில் 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் பேரல்கள் நான்கும் கொஞ்சம் சவுக்குக் கம்பும் உள்ளன. நான்கு பேரல் போதுமா? எத்தனை பேர் ஏறலாம்? செலவு அதிகம் இல்லாமல் எப்படிக் கட்டுவது?

பதில்: போதும். இரண்டு பெரியவர்களும் இரண்டு தீவன மூட்டைகளும் தாராளமாகப் போகலாம். ஆனால் மிதவை கட்டும் பெரும்பாலானோர் உங்களைப் போலவே "எத்தனை பேரல்?" என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். மிதப்பது பெரிய காரியம் இல்லை. காற்றடைத்த எந்தப் பேரலும் மிதக்கும். கவிழாமல் மிதப்பதுதான் காரியம். அதைத் தீர்மானிப்பது பேரல்களின் எண்ணிக்கையைவிட அவற்றுக்கு இடையே நீங்கள் விடும் இடைவெளி.

முதலில் எடைக் கணக்கு. ஒரு லிட்டர் நன்னீரை விலக்கினால் ஒரு கிலோ தாங்கும். நான்கு பேரலும் முழுதாக மூழ்கினால் 800 கிலோ. அதில் பாதிக்கு மேல் நம்பக்கூடாது. பேரல் பாதி மூழ்கியிருக்கும் நிலைதான் பாதுகாப்பான எல்லை. ஆக, உங்கள் கையில் இருப்பது 400 கிலோ. காலிப் பேரல் ஒன்று ஒன்பது கிலோ அளவில் இருக்கும். அதோடு சவுக்குச் சட்டம், எட்டடிக்கு ஐந்தடி பலகைத் தளம் எல்லாம் சேர்த்தால் மிதவையின் சொந்த எடையே 160 கிலோவை நெருங்கும். மிச்சம் 240. ஆள் ஒன்றுக்கு 75 கிலோ, மூட்டை ஒன்றுக்கு 25 கிலோ என்றால் 200 ஆகிறது. மீதி 40 கிலோவை விட்டுவையுங்கள். நனைந்த மரத்தின் எடை கூடும். ஆட்களும் சொல்கிற எடையில் இருப்பதில்லை.

இனி இடைவெளி. பேரல்களை நெருக்கி ஒட்டினாற்போல இரண்டு வரிசை வைத்து, மேலே நான்கடி அகலத் தளம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிசைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே இரண்டடிதான் இருக்கும். ஆட்கள் இருவரும் நடுவில் நின்றால், மொத்தம் 310 கிலோவில் ஒரு வரிசைக்கு 155 கிலோ. வலையில் ஏதோ சிக்கிவிட்டதென்று இருவரும் ஒரே ஓரத்துக்குப் போகிறார்கள். அந்தப் பக்கத்து வரிசையில் சுமை 305 கிலோவாக ஏறும். மறுபக்கம் வெறும் 5 கிலோ. ஒருவர் குனிந்து கையை நீட்டினாலே போதும், எதிர் வரிசை நீரைவிட்டு எழும்பி மிதவை புரண்டுவிடும். அதே பேரல்களை, வரிசைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே நாலரை அடி இருக்குமாறு வைத்து, ஐந்தடி அகலத் தளம் போட்டு, அதே இருவரை ஓரத்தில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் 238, மறுபக்கம் 72. மிதவை சாயும், ஆனால் புரளாது. ஒரு பேரல்கூடக் கூடுதலாக வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதாகச் சொல்லப்பட்டது. அது ஈரடுக்குப் படகு. உங்களுடையது குட்டை மிதவை. எடை ஒரு பக்கம் ஒதுங்கினால் நடப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

நீளவாக்கிலும் இதே யோசனை பொருந்தும். பக்கத்துக்கு இரண்டு பேரலை முட்ட முட்ட வைத்தால் மிதவை ஆறடி நீளம்தான் வரும். முன்னால் ஒருவர் போனால் மூக்கு அமிழும். எனவே நான்கையும் நான்கு மூலைகளுக்குத் தள்ளிவிடுங்கள். ஒரே பக்கத்துப் பேரல்களுக்கு நடுவில் இரண்டு, இரண்டரை அடி காலியாக இருக்கட்டும். நீரில் வேகம் சற்றுக் குறையும். மீனுக்குத் தீவனம் போட வேகம் எதற்கு? பின்னால் இன்னும் இரண்டு பேரல் கிடைத்தால் அந்தக் காலி இடங்களில் செருகிக்கொள்ளலாம்.

பேரலைப் பற்றிச் சில விஷயங்கள். அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் குட்டையில் இறக்காதீர்கள். பூச்சிமருந்து, அமிலம், சாயம் இருந்தவை மீனுக்கு ஆகாது. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்குக்குள் ஊறியது மெல்ல மெல்லக் கசியும். உணவுப்பொருள் வந்த பேரலைக் கேட்டு வாங்குங்கள். இரும்புப் பேரல் மலிவாகக் கிடைத்தாலும் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழும். பெட்ரோல், தின்னர் இருந்த இரும்புப் பேரலை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

நீலப் பேரலின் தலையில் பெரும்பாலும் இரண்டு திருகு மூடிகள் எதிரெதிரே இருக்கும். பேரலைப் படுக்கவைக்கும்போது ஒன்று உச்சியிலும் மற்றது அடியிலும் வருமாறு வைத்துவிடுகிறார்கள். அடியில் உள்ளது எப்போதும் நீருக்குள் கிடந்து கசியும். இரண்டும் கிடைமட்டமாக, பேரலின் பாதி உயரத்தில் வருமாறு உருட்டி வையுங்கள். சுமை எல்லைக்குள் இருக்கும்வரை இரண்டு மூடிகளும் நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கும். திருகில் டெஃப்லான் டேப் சுற்றி, ரப்பர் வளையம் நைந்திருந்தால் மாற்றி இறுக்குங்கள். பேரலில் கீறல் இருந்தால் சிலிகான், எபாக்சி என்று எதையும் பூசிப் பயனில்லை. இந்த வகைப் பிளாஸ்டிக்கில் பசை நிலையாக ஒட்டாது, ஒரு வாரத்தில் தோலாக உரிந்துவரும். சூடு வைத்து ஒட்டும் பிளாஸ்டிக் வெல்டிங் செய்யலாம், அல்லது அந்தப் பேரலை மாட்டுக்குத் தண்ணீர் வைக்க விட்டுவிடலாம்.

மூடியை எப்போது இறுக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். நடுப்பகல் வெயிலில் பேரலுக்குள் காற்று 45 டிகிரிக்குச் சூடாகியிருக்கும்போது மூடிவிட்டுக் குளிர்ந்த நீரில் இறக்கினால், உள்ளே காற்று பத்து லிட்டருக்கு மேல் சுருங்கும். பேரலின் பக்கம் உள்வாங்கும். கட்டிய பட்டை தளரும். மூடி சரியில்லை என்றால் நீரையும் உறிஞ்சும். விடியற்காலையில் மூடுங்கள். கை தேர்ந்தவர்கள் ஒரு மூடியில் சைக்கிள் டியூப் வால்வு பொருத்தி, கைப்பம்பால் இரண்டு மூன்று அடி மட்டும் காற்று ஏற்றிவிடுவார்கள். பேரல் லேசாக விறைத்து நிற்கும். மூடியைச் சுற்றி சோப்பு நீர் தடவினால் கசிவு குமிழாகத் தெரிந்துவிடும். அதற்கு மேல் அடிக்காதீர்கள். அது அழுத்தம் தாங்கச் செய்த பாத்திரம் இல்லை.

கட்டும் முறைக்கு நம் கோயில் தெப்பங்களே நல்ல பாடம். திருவாரூர் கமலாலயத்தில் ஓடும் பெரிய தெப்பத்தின் அடியில் இருப்பவை நூற்றுக்கணக்கான காலிப் பேரல்கள்தான். பேரலைத் துளைத்து ஆணியடிக்கும் வேலையே அங்கு கிடையாது. சட்டத்துக்குள் அடக்கிக் கட்டுவார்கள். நீங்களும் ஒவ்வொரு பேரலுக்கும் இரு பக்கத்திலும் நீளவாக்கில் ஒரு சவுக்குக் கம்பு ஓடவிட்டு, அந்த இரண்டு கம்புகளுக்கு நடுவே பேரல் மேல்நோக்கி அழுந்தி உட்காருமாறு செய்யுங்கள். நீர் மேலே தள்ளும் விசையே பேரலைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும். பட்டையின் வேலை, அது பக்கவாட்டில் நழுவாமல் பார்ப்பது மட்டும். நைலான் கயிறு நனைந்தால் நீளும். லாரியில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட் பேரலுக்கு இரண்டு போட்டால் கவலையில்லை. குறுக்குக் கம்புகள் ஐந்து. சந்திப்புகளில் ஆணி வேண்டாம், அலையில் ஆடி ஆடிக் கழன்றுவிடும். துத்தநாகம் பூசிய போல்ட்டும் அகல வாஷரும் போடுங்கள்.

தளத்துக்குச் சரக்குப் பெட்டிப் பலகை போதும். பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் சந்து விட்டால் நீர் தேங்காது. சாதாரண பிளைவுட் ஒரு மழைக்காலத்தில் அடுக்கடுக்காகப் பிரியும். பிளைவுட்தான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள், ஆனால் மலிவு என்ற பேச்சு அதோடு முடிந்தது. நிழலுக்குக் கூரை போடும் ஆசை வரும். எடையை மேலே ஏற்றி, காற்றுக்கும் ஒரு பாய்மரம் விரித்துக் கொடுத்த கதையாகிவிடும். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

வேறு பொருட்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பி.வி.சி. குழாயில் 160 மில்லிமீட்டர் விட்டம் உள்ளதே மீட்டருக்கு 20 லிட்டர்தான் விலக்கும். ஒரு பேரலுக்கு ஈடாகப் பத்து மீட்டர் வாங்க வேண்டும். தெர்மாகோல் வெயிலில் உதிர்ந்து மணிமணியாகக் குட்டையில் மிதக்கும். பெட்ரோல் பட்டால் கரைந்தே போகும். காலித் தண்ணீர் பாட்டில்கள் மட்டும் ஒரு விதத்தில் உபயோகம். வளையம் போட்டு இறுக்கும் அகல வாய்ப் பேரல் கிடைத்தால், மூடிய பாட்டில்களை உள்ளே நெருக்கி அடைத்துவிடுங்கள். பேரல் ஓட்டையானாலும் மிதவை மூழ்காது.

மோட்டார், துடுப்பு எதுவும் தேவையில்லை. கரைக்குக் கரை ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, மிதவையின் நடுவில் இரண்டு வளையங்கள் வழியாக அதை ஓடவிட்டால், கையால் பிடித்து இழுத்தே போய்வரலாம்; காற்றடித்தாலும் மிதவை ஓரத்துக்கு ஒதுங்காது. ஆகாயத்தாமரையைத் தளத்தின் மேல் அள்ளிக் குவிக்காதீர்கள். அதன் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நாலைந்து அள்ளலில் உங்கள் 40 கிலோ இருப்பு காலியாகிவிடும். பழைய வலையால் வளைத்துக் கரைக்கு இழுத்துவந்து அள்ளுங்கள்.

முதல் நாள் யாரும் ஏறாமல், தண்ணீர் நிரப்பிய கேன்களைச் சுமையாக வைத்துப் பாருங்கள். 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோ. பத்து கேன் போதும். முதலில் நடுவில், பிறகு எல்லாவற்றையும் ஒரு ஓரத்தில். இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் எந்த மூலை இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் கசியும் பேரல் எது என்று தெரிந்துவிடும். எட்டடி ஆழம் நீச்சல் தெரியாதவருக்குக் கடலுக்குச் சமம். ஏறுபவர் ஒவ்வொருவருக்கும் மிதவை அங்கி வாங்குங்கள், இந்தக் கணக்கில் சிக்கனம் பார்க்காத ஒரே செலவு அதுவாக இருக்கட்டும். இதே மிதவையை ஊர் ஏரியில் இறக்க நினைத்தால் நீர்வளத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.