பதின்மூன்றாவது சுற்று

அன்புள்ள ஐயா,

1981-ன் குத்துச்சண்டை வீரர் டாமி ஹெர்ன்ஸும் 2023-ன் டெரன்ஸ் க்ராஃபோர்டும் வெல்டர்வெயிட் எடைப் பிரிவில் மோதியிருந்தால் யார் ஜெயிப்பார்? 15 சுற்று வைத்தால் ஹெர்ன்ஸ்தான் என்பது என் கட்சி. அந்தக் காலத்து ஆட்கள் வேறு ரகம். பட்டச் சண்டைகளின் 15 சுற்றை 12 ஆக்கியது வெறும் கோழைத்தனம். இன்றைய உணவு, பயிற்சியெல்லாம் கணக்கில் வருமா?

பிரபு

அன்புள்ள பிரபு,

உணவு, பயிற்சியை விட்டுத்தள்ளுங்கள். இருவரும் வெல்டர்வெயிட்டின் எல்லையான 147 பவுண்டுக்குள் நின்று அடித்தவர்கள், அது போதும்.

ஆனால் சுற்றுக் கணக்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். 12 சுற்று என்றால் ஹெர்ன்ஸ். 15 என்றால் க்ராஃபோர்ட்.

1981-ல் ஷுகர் ரே லெனார்டுடன் ஹெர்ன்ஸ் மோதிய 15 சுற்றுப் பட்டச் சண்டையைக் கல்லூரி விடுதியில், தேய்ந்துபோன ஒரு வீடியோ கேசட்டில்தான் முதலில் பார்த்தேன். லெனார்டின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டு வருகிறது. ஹெர்ன்ஸின் நீண்ட இடது கை அந்தக் கண்ணைத் தேடித் தேடி வருகிறது. 12 சுற்று முடிந்தபோது ஹெர்ன்ஸ்தான் முன்னால். கோட்டை விடுகிறாயே மகனே என்று பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ லெனார்டிடம் கத்துகிறார். பதின்மூன்றாவதில் ஹெர்ன்ஸின் கால்கள் போய்விட்டன. ஆறடி ஒரு அங்குல உடம்பை 145 பவுண்டுக்கு வற்றவைத்தால் கால்தான் முதலில் போகும். பதினான்காவதில் கயிற்றோடு சாய்ந்தவரை லெனார்டு விடாமல் அடிக்க, நடுவர் நிறுத்தினார். அதுவரை மூன்று நீதிபதிகளின் புள்ளி அட்டையிலும் ஹெர்ன்ஸ்தான் முன்னிலை! அன்று 12 சுற்று என்றிருந்தால் அவர்தான் சாம்பியன். க்ராஃபோர்டோ மெதுவாகத் தொடங்குகிறவர். எதிராளியைப் படித்து முடித்த பிறகுதான் அடியே ஆரம்பம். 2021-ல் ஷான் போர்ட்டரைப் பத்தாவதில் முடித்தாரே, அப்படி. அவருக்கு நேரம் கொடுக்கக் கூடாது. நீங்கள் மூன்று சுற்றைக் கூடுதலாகவே கொடுக்கிறீர்கள்.

சரி, இப்போது அந்தக் கோழைத்தனத்துக்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஹெர்ன்ஸ் தோற்ற பதினான்கே மாதத்தில், 1982 நவம்பர் 13, அதே லாஸ் வேகாஸ் சீசர்ஸ் பேலஸ், அதே பதினான்காவது சுற்று. லைட்வெயிட் பட்டத்துக்காக ரே மான்சினியுடன் மோதிய தென்கொரியாவின் டுக் கூ கிம் விழுந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தும்விட்டார். கொஞ்ச நேரத்தில் நினைவு தப்பியது, சில நாட்களில் இறந்துபோனார். அதன் பிறகுதான் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் 15-ஐ 12 ஆக்கியது, மற்ற அமைப்புகள் பின்னால் வந்தன. கிம் இறந்தபோது அவர் மணக்கவிருந்த பெண் கர்ப்பமாக இருந்தார். அந்தப் பிள்ளை வளர்ந்து, 2011-ல் தாயோடு போய் மான்சினியைச் சந்தித்தான். அவன் முகத்தைப் பார்த்து இந்த வார்த்தையைச் சொல்வீர்களா பிரபு?

உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். லெனார்டு - ஹெர்ன்ஸ் சண்டையை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். பதின்மூன்றாவதில் ஹெர்ன்ஸின் முகத்தை விட்டுவிட்டு முழங்காலைப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.