சணப்பில் புள்ளி விட்டில்: மிளகாய்க்குத் தாவுமா?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் மணல் பூமி. தென்னைக்கு நடுவே பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்து 35 நாளாகிறது. கறுப்பும் ஆரஞ்சுமாக முடி வைத்த புழுக்கள் இலையைத் தின்கின்றன. வெள்ளை இறக்கையில் சிவப்பு, கறுப்புப் புள்ளி வைத்த விட்டில்கள் பட்டப்பகலில் பறக்கின்றன. அடுத்த வயலில் முண்டு மிளகாய் நிற்கிறது. மருந்து அடிக்கலாமா, ஆட்டை விட்டு மேய்த்துவிடலாமா? ஒரு மூலையை விதைக்கு விடவும் எண்ணம்.

பதில்: மிளகாயைப் பற்றிய பயம் வேண்டாம். நீங்கள் பார்ப்பது புலி அந்து வகையைச் சேர்ந்த யூடெதீசா. அதன் புழுவுக்குப் பிடித்தது சணப்பு, காட்டுக் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகள்தான். மிளகாய்க் காயைத் துளைப்பது பச்சைக் காய்ப்புழுவும் புரொடீனியா என்ற வெட்டுப்புழுவும். அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சணப்பு போன்ற அந்தச் செடிகளில் பைரோலிசிடின் என்ற கசப்பு நஞ்சு இருக்கிறது. புழு அதைத் தின்று உடம்பிலேயே சேர்த்து வைக்கிறது. விட்டிலான பிறகும் அது போவதில்லை. பறவைகள் தொடாததால்தான் பகலில் ஒளியாமல் பறக்கிறது, அந்தப் பளிச்சென்ற புள்ளிகளும் 'கசப்பேன்' என்ற எச்சரிக்கைதான். அமெரிக்காவில் இதன் உறவு இனத்தை ஆராய்ந்த தாமஸ் ஐஸ்னர் குழுவினர், வலையில் விழுந்த விட்டிலைச் சிலந்தியே நூலை அறுத்து வெளியே விடுவதைக் கண்டார்கள். தாய் விட்டில் தன் முட்டைக்கும் அந்த நஞ்சைக் கொடுத்துவிடுகிறது.

ஆட்டை விடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். அந்த நஞ்சு கால்நடையின் கல்லீரலைக் கெடுக்கும், பாதிப்பு மெதுவாகத்தான் வெளியே தெரியும். காயும் விதையும் உள்ள செடி இன்னும் மோசம்.

உரத்துக்கு விட்ட பகுதியில் மருந்துச் செலவே வேண்டாம். தின்ற இலை எச்சமாக அதே மண்ணில்தான் விழுகிறது. பூ எடுக்கும் சமயம், 45 முதல் 60 நாளுக்குள், மடக்கி உழுங்கள். அதைத் தாண்டினால் தண்டில் நார் முற்றி மக்கத் தாமதமாகும். உப்புத் தண்ணீர் ஏறும் மூலை இருந்தால் அங்கே அடுத்த முறை தக்கைப்பூண்டு விதையுங்கள். சணப்பு உப்பையும் தேங்கும் நீரையும் தாங்காது.

விதைக்கு விடும் மூலையில்தான் கவனம் தேவை. காய் பிடித்ததும் புழு இலையை விட்டுக் காயைத் துளைத்து உள்ளே விதையைத் தின்னும். பூ வந்த நாள் முதல் காலையில் சுற்றி வந்து, இலையில் கும்பலாக உள்ள முட்டைகளையும் சிறு புழுக்களையும் இலையோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மிஞ்சினால் வேப்பங்கொட்டைச் சாறு: 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்து அன்றே தெளிக்க வேண்டும். காய்க்குள் புகுந்த புழுவை இது எட்டாது, அதனால் முன்கூட்டியே தெளியுங்கள். மாலையில் மட்டும் தெளிக்கவும். வெயிலில் வேம்பின் வீரியம் போய்விடும். அதோடு, சணப்பு அயல் மகரந்தச் சேர்க்கைச் செடி, பெரிய கருவண்டுத் தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். பகலில் கடும் மருந்து அடித்தால் விட்டிலோடு தேனீயும் போய், பூவெல்லாம் உதிர்ந்து வெறும் தண்டுதான் நிற்கும்.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். புழு செம்பழுப்பாக, நீண்ட அடர்ந்த முடியோடு கூட்டமாகத் தரையில் ஊர்ந்தால் அது சிவப்புக் கம்பளிப்புழு. பக்கத்தில் நிலக்கடலை இருந்தால் அதற்குள் புகாதபடி வரப்போரம் ஓர் அடி ஆழத்துக்கு, சுவர் செங்குத்தாக நிற்கும்படி வாய்க்கால் வெட்டி, விழும் புழுக்களை உடனே அழிக்க வேண்டும்.