பல்கலைக்கழகம் ஸ்பான்சராக இருக்கும் மருந்து ஆய்வில் அப்பாவைச் சேர்க்கலாமா?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை, உள்ளங்காலில் ஆறாத புண். வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஏழு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்து, “இது பல்கலைக்கழக ஆய்வு, விருப்பமிருந்தால் சேரலாம்” என்றிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் ஸ்பான்சர் என்றால் என்ன, அப்பாவைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களா என்பது உங்கள் கேள்வி.

எனக்குத் திருவையாறு பக்கம். ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆறு வருடம் இந்த மாதிரி ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். நோயாளியோடு உட்கார்ந்து ஒப்புதல் படிவத்தை வாசிப்பது, அடுத்த வருகைக்கு ஞாபகப்படுத்திப் போன் செய்வது, பதிவேடு எழுதுவது எல்லாம் என் வேலை. நான் டாக்டர் இல்லை. அதனால் புண்ணைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன், அந்த ஏழு பக்கத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஸ்பான்சர் என்றதும் கிரிக்கெட் சட்டையில் பேர் போடுகிற கம்பெனிதான் நினைவுக்கு வரும். ஆய்வில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. நம் கோயில்களில் உபயம் வேறு, மண்டகப்படி வேறு இல்லையா? ட்யூப் லைட் உபயம் செய்தவர் அதில் பேரை எழுதிவிட்டுப் போய்விடலாம். மண்டகப்படிக்காரர் அப்படிப் போக முடியாது. அன்றைய அபிஷேகம், அலங்காரம், மேளம், பிரசாதம் அத்தனையும் அவர் பொறுப்பு, ஏதாவது குறை வந்தால் ஊர் அவரைத்தான் கேட்கும். ஆய்வில் ஸ்பான்சர் என்பவர் மண்டகப்படிக்காரர். தொடங்குவது, நடத்துவது, செலவுக்கு வழி செய்வது, பிசகு நேர்ந்தால் பதில் சொல்வது எல்லாம் அவர் தலையில். பணம் அரசிடமிருந்தோ ஓர் அறக்கட்டளையிலிருந்தோ வந்திருக்கலாம். பொறுப்பு ஸ்பான்சருடையதுதான். ஒரு டாக்டர் தானாகத் தொடங்கும் ஆய்வில் அவரும் அவருடைய நிறுவனமும்தான் ஸ்பான்சர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. ஆய்வால் பாதிப்பு வந்தால் இழப்பீட்டுக்கோ காப்பீட்டுக்கோ ஏற்பாடு செய்வதும் அந்த நிறுவனத்தின் கடமை. ஆகவே ‘கம்பெனியே இல்லையே, நாளைக்கு யாரைப் போய்க் கேட்பது’ என்று பயப்பட வேண்டாம். தாளில் அந்த நிறுவனத்தின் பேரும், முதன்மை ஆய்வாளரின் பேரும் போன் நம்பரும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பல்கலைக்கழகத்துக்கு இதில் என்ன அக்கறை? மருந்துக் கம்பெனி காசைப் போட்டு ஆய்வு செய்வது பெரும்பாலும் புது மருந்தை விற்க அனுமதி வாங்குவதற்காக. காப்புரிமை முடிந்துபோன, சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய மருந்து இன்னொரு நோய்க்கும் கேட்குமா என்று பார்ப்பதில் கம்பெனிக்கு லாபம் குறைவு. அந்தக் கேள்வியைக் கையில் எடுப்பது பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் அரசு நிறுவனங்களும்தான். 2020 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஸ்பான்சராக இருந்து ‘ரெகவரி’ என்ற கொரோனா ஆய்வைத் தொடங்கியது. ஜூன் மாதமே ஒரு பதில் வந்தது. டெக்சாமெத்தசோன் என்ற பழைய ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. அந்தக் கடைசி வரியும் பெரிய செய்திதான், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்றும் அதில் தெரிந்துபோயிற்று.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் வழியில் செங்கிப்பட்டி சானடோரியத்தைப் பார்த்திருப்பீர்கள். காசநோய் வந்தால் வீட்டை விட்டு அப்படி ஓர் இடத்தில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஒரே மருந்தைச் சிலருக்கு வீட்டிலும் சிலருக்குச் சானடோரியத்திலும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. 1959-ல் முடிவு வெளியானது. நெருக்கடியான வீட்டில், சுமாரான சாப்பாட்டோடு மருந்து சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேறினார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்கக் காசநோய்க்காரர்கள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவதற்கு அடிப்படை போட்டவர்கள் அந்தச் சென்னை நோயாளிகள். எலி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான் வரும். அவர்களை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்தது சீட்டு. ஆய்வில் யாருக்கு எந்த மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை, கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிறது. எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் கோபமாகவே கேட்டார்: “ஏம்மா, எனக்கு எது நல்லதுன்னு டாக்டருக்குத் தெரியாதா? சீட்டு எதுக்கு?” நான் கேட்டேன்: “ஐயா, ஆடுதுறையிலேருந்து புது நெல்லு வாங்கிட்டு வந்தா எந்த வயல்ல போட்டுப் பாப்பீங்க?” அவர் கொஞ்சம் யோசித்தார். “மடைக்கிட்ட போட்டா எந்த நெல்லும்தான் விளையும்” என்றார். அப்புறம் அவரே, “சரி, மேட்டு வயல் ஆளுக்கு ஒண்ணு, பள்ள வயல் ஆளுக்கு ஒண்ணுன்னு டாக்டரே பிரிச்சிடக் கூடாதுன்னுதானா?” என்றார். அதேதான். தேறக்கூடியவர்களுக்குப் புது மருந்தையும் முற்றியவர்களுக்குப் பழையதையும் கொடுத்தால் புது மருந்து ஜெயிக்கத்தானே செய்யும்? சீட்டுக் குலுக்கும் முறை வளர்ந்ததே வயலில்தான். 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் பாத்தி பிரித்து உருவாக்கியது, அதன் பிறகுதான் மருத்துவத்தில் வேரூன்றியது.

டாக்டருக்கே எது மேல் என்று நிச்சயமாகத் தெரியாதபோதுதான் இப்படி ஓர் ஆய்வு நடத்த நியாயம் உண்டு. ஆகவே சேர்ந்தால் நல்ல மருந்து உறுதி என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தால் முதலில் அதைத் தெளிவாக்குங்கள். புது மருந்து கிடைக்காத பக்கத்தில் சீட்டு விழுந்தால் அவருக்கு என்ன கொடுப்பார்கள், இப்போது நடக்கும் புண் வைத்தியம் அப்படியே தொடருமா என்று நேராகக் கேளுங்கள்.

என் வேலையில் எனக்கு மனவருத்தம் தந்தது ஒப்புதல் படிவம்தான். ஆங்கிலத்தை வரிக்கு வரி தமிழாக்கிவைத்திருந்தார்கள். சீட்டுக் குலுக்குவதற்கு ‘தற்போக்கு ஒதுக்கீடு’ என்று ஒரு சொல், படித்தவர்களுக்கே புரியாது. கும்பகோணத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார், கைநாட்டு. விதிப்படி ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுதும் வாசித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மைப்பெட்டியைத் திறக்கும்முன், “பாட்டி, நான் என்ன சொன்னேன்னு நீங்க ஒருதரம் சொல்லுங்க” என்றேன். “டாக்டர் நல்ல மருந்து தர்றாரு, நான் ரேகை வைக்கணும்” என்றார். மைப்பெட்டியை மூடிவிட்டேன். மேலே இருந்தவர்களுக்கு அன்றைக்கு என்மேல் எரிச்சல், ஆள் சேர்க்கும் எண்ணிக்கை குறைந்துகொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் விடாமல் கேட்டு, இரண்டு பக்கங்களைத் திருத்தி எழுதி, நோயாளிகளுக்கு நியாயமாக ஆய்வு நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியை மறுபடி வாங்கினோம். பாட்டி மருமகளோடு அடுத்த வாரம் வந்தார். இந்தத் தடவை சீட்டு, ரத்தப் பரிசோதனை, எட்டு முறை வர வேண்டியது எல்லாவற்றையும் அவரே திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டு, “வேணாம் தங்கம், பஸ்ஸுல அலைய முடியாது” என்றார். அவருடைய வைத்தியம் பழையபடியே நடந்தது. நான் வாசித்த ஒப்புதல்களில் மனத்துக்கு நிறைவானது அதுதான்.

உங்கள் அப்பாவும் அப்படி வேண்டாம் என்று சொல்லலாம். சேர்ந்துவிட்டு நடுவில் விலகலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை, அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் குறைக்கக் கூடாது.

சட்டப்படி இரண்டு விஷயம் பாருங்கள். 2019-ல் வந்த புது மருந்து, மருத்துவச் சோதனை விதிகளில் கல்விசார் ஆய்வு என்று ஒரு வகை இருக்கிறது. ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வேறு நோய்க்கோ வேறு அளவிலோ கொடுத்துப் பார்ப்பது அது. முடிவை விற்பனை அனுமதிக்குக் காட்டக் கூடாது. இதற்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தனி அனுமதி தேவையில்லை, ஆனால் நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு பெண், டாக்டரோ விஞ்ஞானியோ அல்லாத ஒரு பொதுஆள் இருந்தாக வேண்டும். குழுவின் போன் நம்பரும் தாளில் இருக்கும், தயங்காமல் கூப்பிடுங்கள். அதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, சிடிஆர்ஐ பதிவு எண். 2007-ல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு அது, இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண்ணைப் போட்டால் யார் ஸ்பான்சர், எத்தனை பேர், எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று வரும். தாளில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பதிவு இருப்பதாலேயே அரசு அந்த மருந்தை ஏற்றுக்கொண்டது என்று ஆகாது, இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

எங்கள் வீட்டுப் பெரியவருக்கு இதே தாள் வந்திருந்தால், பழைய மருந்து, பொறுப்பான பேர், புரிகிற தமிழ் மூன்றும் இருந்தால் சேரச் சொல்வேன். சர்க்கரைப் புண்ணோடு சேற்றில் இறங்குகிற எத்தனையோ பேருக்கு அதன் விடை தேவைப்படுகிறது. தாளை வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டுக்கு அப்புறம் நிதானமாக அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போட்டால் ஒரு நகலை வாங்காமல் வராதீர்கள்.

அப்புறம் வருகைத் தேதிகள். பஸ் செலவு, வேலைக்குப் போகாததால் இழக்கும் கூலி தருவார்களா என்று கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். எல்லாத் தேதிகளையும் முன்கூட்டியே எழுதி வாங்கி, சம்பா அறுப்போடு மோதினால் இப்போதே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் பதிவேட்டில் தை மாதப் பக்கங்கள்தான் எப்போதும் காலியாகக் கிடக்கும்.