எலும்புப்புரையில் (எலும்பு மெலியும் நோய்) முதுகெலும்பு நொறுங்கினால்: சிமெண்டா, ஸ்குரூவா?

அம்மாவுக்கு 71 வயது. குடத்தைத் தூக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டது. எக்ஸ்ரேயில் எல்1 (இடுப்புப் பகுதியின் முதல் முதுகெலும்பு) அமுங்கியிருக்கிறதாம். உடனே சிமெண்ட் (ஊசி வழியே எலும்புக்குள் செலுத்தி இறுகவைக்கும் கலவை) வைக்க வேண்டுமா?

கால் பலம் குறையாமல், சிறுநீர், மலம் போவதில் சிக்கல் இல்லாமல் இருந்தால் அவசரமில்லை. வலி மாத்திரை, சில வாரம் பெல்ட், கூடியவரை நடமாட்டம். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் வலி தணிந்துவிடும். படுத்தே கிடந்தால் இருக்கிற எலும்பும் தேயும். புரளக்கூட முடியாத வலி என்றால் சிமெண்டைப் பற்றிப் பேசலாம். ஆனால் எம்.ஆர்.ஐ. பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். ‘ஸ்டிர்’ என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த எலும்பு வெளுத்துத் தெரிந்தால்தான் புது முறிவு. எக்ஸ்ரேயில் தெரியும் அமுக்கம் பல வருடப் பழசாகவும் இருக்கலாம். காசநோய், புற்றுநோயாகவும் இருக்கலாம். 2009-இல் வந்த இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் செலுத்தாமல் செய்ததுபோல் காட்டிய போலிச் சிகிச்சையைவிட சிமெண்ட் மேலாகத் தெரியவில்லை. 2016-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், 6 வாரத்துக்குட்பட்ட கடும் வலிக்குப் பலன் தெரிந்தது. ஆளைப் பார்த்துத்தான் முடிவு.

சிமெண்ட் கசியுமாமே?

கசியும், பெரும்பாலும் தொந்தரவில்லாமல். நீர்க்கக் கலந்த நிலையிலேயே செலுத்தினால்தான் வம்பு: சிரைக்குள் ஓடி நுரையீரல்வரை போகும். பற்பசை பதத்துக்கு வந்தபின், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, மெதுவாகச் செலுத்த வேண்டும்; எலும்பின் பின்சுவரை நெருங்கியதும் நிறுத்த வேண்டும், அதற்கு அப்பால் தண்டுவடம். பொதுவாக ஒரு எலும்புக்கு 2 முதல் 6 மி.லி. போதும். பலூன் முறையில் முதலில் குழி உண்டாக்குவதால் கசிவு குறைவு, செலவு கூடுதல்.

அப்பாவுக்குக் கால் மரத்துத் தள்ளாடுகிறார். ஸ்குரூ போடச் சொல்கிறார்கள். மெலிந்த எலும்பில் பிடிக்குமா?

நரம்பு அழுந்தியிருந்தால் சிமெண்ட் மட்டும் உதவாது; அழுத்தத்தை நீக்கி, ஸ்குரூவும் கம்பியும் போட வேண்டும், தாமதிக்கவும் கூடாது. சாதாரண ஸ்குரூ இந்த எலும்பில் தளர்ந்து பிடுங்கிக்கொள்ளும். அதனால் பக்கத்துளை உள்ள ஸ்குரூ வழியே ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 மி.லி. சிமெண்ட் செலுத்துவார்கள், உடைந்த எலும்புக்கு மேலும் கீழும் குறைந்தது இரண்டிரண்டு எலும்புகளில் பிடிமானம் கொடுப்பார்கள். அப்படியும், கம்பி முடியும் இடத்துக்கு மேலுள்ள எலும்பு பிற்பாடு நொறுங்குவதுண்டு. இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிந்தது. கால்சியம் போதும்தானே?

போதாது. வைட்டமின் டி-யைச் சரிசெய்துவிட்டு எலும்பு மருந்து தொடங்க வேண்டும்: தினமும் 20 மைக்ரோகிராம் டெரிபாரடைடு, அல்லது வருடம் ஒருமுறை 5 மி.கி. சோலெட்ரோனிக் அமிலம் (சிறுநீரகம் பழுதென்றால் ஆகாது). டெனோசுமாப் 6 மாதத்துக்கொருமுறை 60 மி.கி.; அதை இஷ்டத்துக்கு நிறுத்தினால் பல முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கலாம். நிறுத்துவதானால் மாற்று மருந்தோடுதான்.