பாலியல் தொந்தரவுத் தடுப்பு அமர்வு: வளவாளராகப் போகிறவர்களின் கேள்விகள்

எங்கள் ஊழியர் நால்வரை வளவாளராக்க எத்தனை நாள் வேண்டும்? (சுன்னாகம்)

மூன்று நாள். முதல் நாள் சட்டமும் உங்கள் முறைப்பாட்டு நடைமுறையும். இரண்டாம் நாள் அமர்வை எடுத்து நடத்தும் விதம். மூன்றாம் நாள் முழுக்க ஒத்திகை: ஒவ்வொருவரும் 20 நிமிடம் நடத்த, மற்றவர்கள் வேண்டுமென்றே இடக்குமுடக்காகக் கேட்கவேண்டும். செலவு பார்த்து எல்லோரும் வெட்டுவது இந்த மூன்றாம் நாளைத்தான். பிறகு முதல் அமர்விலேயே ஆள் தடுமாறுவார். ஒவ்வோர் அமர்வையும் நடத்த ஆணும் பெண்ணுமாக இரு வளவாளரை அனுப்புங்கள், கேட்க வருபவர்கள் அமர்வுக்கு 20, 25 பேர் போதும். முறைப்பாட்டு நடைமுறை எழுத்தில் இல்லையென்றால் பயிற்சியைத் தொடங்கவே வேண்டாம்.

முறைப்பாடுகளை விசாரிக்கும் முகாமையாளரே நடத்தலாமா? (கொக்குவில்)

கூடாது. அமர்வில் அவர் சொன்ன ஓர் உதாரணம், நாளை விசாரணையில் அவர் பக்கஞ்சார்ந்தவர் என்பதற்குச் சான்றாகிவிடும்.

இணையத்தில் எடுத்த ஸ்லைட்டில் "10 பேர் இருந்தால் முறைப்பாட்டுக் குழு, 90 நாளில் விசாரணை" என்றுள்ளது. எங்களிடம் 8 பேர்தான். தேவையில்லைத்தானே? (நல்லூர்)

அது இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம். யாழ்ப்பாணத்தில் அதற்கு என்ன வேலை? தமிழில் கிடைக்கிறதென்று யார் யாரோ இறக்கி, முகப்பில் தங்கள் இலச்சினையை ஒட்டிக் காட்டுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டுப் போகும் பிள்ளை, இல்லாத குழுவைத் தேடி அலைகிறது.

இங்கு அடிப்படை தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இன் 22ஆம் இலக்கத் திருத்தம். சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். நட்டஈடும் கட்டச் சொல்லலாம். அதிகாரத்தில் உள்ளவரின் விரும்பத்தகாத பாலியல் அணுகல், வேலைத்தலத்திலோ வேறெங்கோ நடந்தாலும் இதற்குள் வரும். ஆகவே இரவு வட்ஸ்அப்பும் கணக்கில்தான். இந்தியச் சட்டம் பெண்ணின் முறைப்பாட்டை மட்டும் எடுக்கும். 345 "வேறொருவர்" என்கிறது, ஆணுக்கும் பொருந்தும். எட்டுப் பேர், எண்பது பேர் என்ற கணக்கு அதில் இல்லை.

அந்த ஸ்லைட்டுகளை அழியுங்கள். 345, உங்கள் எழுத்து நடைமுறை, முறைப்பாடு ஏற்பவரின் பெயர், மகளிர் உதவித் தொலைபேசி 1938: இந்த நான்கும் ஒரே தாளில் இருக்கட்டும்.

அமர்வின் நடுவே ஒருவர் தனக்கு நடந்ததைச் சொல்லி அழுதால்? (சாவகச்சேரி)

"சொன்னதற்கு நன்றி, முடிந்ததும் தனியாகக் கதைப்போம்" என்று மெதுவாக நிறுத்துங்கள். அப்போதே ஐந்து நிமிட இடைவேளை விடுங்கள். இணை வளவாளர் அவருடன் இருக்கட்டும். யார், எப்போது என்று துருவ வேண்டாம். வளவாளர் விசாரிப்பவர் அல்ல. "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கும் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. எழுத்தில் உள்ள பாதையைக் காட்டுங்கள். முறைப்பாடு செய்வதா என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

"பகிடிக்குத்தான், தங்கச்சி மாதிரித்தானே" என்கிறார்கள். என்ன பதில்? (பருத்தித்துறை)

முறை சொல்லிக் கூப்பிட்டால் மறுப்புச் சொல்வது அவளுக்கு இன்னும் கடினம்; அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். நடந்ததென்ன, அவள் அதை விரும்பினாளா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு உங்கள் கந்தோரில் நடந்ததை எடுக்கவேண்டாம். பெயரை மாற்றினாலும் ஊருக்குத் தெரியும்.

அரை மணித்தியாலத்தில் முடிக்கலாமா? (அச்சுவேலி)

முடியாது. குறைந்தது இரண்டு மணித்தியாலம், அதில் பாதி அவர்களின் கேள்விகளுக்கு.